ஞானப்பல் கழட்டின பிறகு எங்கே படுப்பது: யாழ்ப்பாணத்திலா, வன்னி வீட்டிலா?

கடைவாயில் பல் பாதி முளைத்து முரசுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கிறது. எக்ஸ்றே எடுத்தாயிற்று. கழட்டத்தான் வேணும் என்று பல் வைத்தியரும் சொல்லிவிட்டார். இந்த இடத்துக்கு வந்த வன்னிப் பிள்ளைகளும் தாய்தகப்பனும் அடுத்துக் கேட்பது, எங்கே கழட்டலாம், எவ்வளவு காசு முடியும், எந்த டொக்டர் கைராசிக்காரர் என்பவைதான். கழட்டுகிற வேலை பெரும்பாலும் ஒரு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். பிறகு வருகிற ஒரு கிழமையை எந்த வீட்டில், யாருடைய கையால் கஞ்சி குடித்துக் கழிப்பது என்பதைப் பலர் திரும்பிவர பஸ் ஏறின பிறகுதான் யோசிக்கிறார்கள். நான் முதலில் அதைத்தான் முடிவெடுக்கச் சொல்வேன்.

அதற்கு முன் ஒரு சொல். நோவோ வீக்கமோ இல்லாமல் சும்மா கிடக்கிற ஞானப்பல்லை முற்காப்பாகக் கழட்ட வேண்டியதில்லை என்று சிகிச்சைகளுக்கு வழிகாட்டல் எழுதுகிற பிரித்தானியாவின் நைஸ் நிறுவனம் 2000ஆம் ஆண்டிலேயே வழிகாட்டல் கொடுத்துவிட்டது. திரும்பத் திரும்ப முரசு வீங்கிச் சீழ் பிடிப்பது, பக்கத்துக் கொடுப்புப் பல்லைச் சூத்தையாக்குவது, வேரடியில் கட்டி வருவது போன்ற காரணம் இருந்தால்தான் கழட்டுவது. அப்படிக் காரணம் இருந்தால் வயது இருபதுகளில் இருக்கும்போதே செய்வது நல்லது. வயது ஏற ஏற எலும்பு இறுகும், ஆறவும் நாள் எடுக்கும்.

இனி இடத்துக்கு வருவோம். வன்னியில் இருப்பவருக்கு வழி மூன்று. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ கிட்ட உள்ள பெரிய ஆசுப்பத்திரியில் காட்டிக் கழட்டிவிட்டு வீட்டுக்கு வருவது ஒன்று. யாழ்ப்பாணம் போய்க் கழட்டிவிட்டு அன்றைக்கே திரும்புவது இன்னொன்று. யாழ்ப்பாணத்திலேயே சொந்தக்காரர் வீட்டில் சில நாள் தங்கி, முகம் வற்றின பிறகு வருவது மூன்றாவது.

முதலாவதற்குக் காசு இல்லை, அரச ஆசுப்பத்திரி. ஆனால் எல்லா ஞானப்பல்லும் அங்கே முடியாது. நேராக முளைத்த பல் என்றால் சாதாரணப் பல் பிரிவிலேயே கழட்டிவிடுவார்கள். எலும்புக்குள் சரிந்து படுத்திருக்கிற பல், வேர் நரம்போடு ஒட்டினாற்போல் ஓடுகிற பல் என்றால் வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குத் துண்டு எழுதித் தருவார்கள். திகதியும் உடனே கிடைக்காது. வீக்கம் வற்றியிருக்கிற காலத்தில் துண்டை வாங்கி வைத்துக்கொண்டு பொறுத்திருக்க முடிந்தவருக்கு இதைவிட நல்ல வழி கிடையாது.

அன்றைக்கே திரும்புவது எல்லோருக்கும் பிடித்த வழி. காலை பஸ்ஸில் போய், பின்னேரம் வீட்டுக் கட்டிலில் படுத்துவிடலாம். கிளிநொச்சிக்காரருக்கு அது சரிவரும், யாழ்ப்பாணத்திலிருந்து அறுபத்தைந்து கிலோமீற்றர் அளவுதான், ரயிலும் இருக்கிறது. ஒட்டுசுட்டான், முள்ளியவளை, துணுக்காய்ப் பக்கத்துக்கு நூறு கிலோமீற்றர் அளவிலும் அதற்கு மேலும் வரும். விறைப்பு ஊசியின் வேலை சாதாரணமாக மூன்று தொடக்கம் ஐந்து மணித்தியாலத்தில் விட்டுவிடும். மத்தியானம் கழட்டினால், விறைப்பு விடுகிற நேரமும் பஸ் மாங்குளத்தில் திரும்புகிற நேரமும் ஒன்றாக வரும். வாய் நிறைய உப்புக் கரிக்கிற எச்சில். துப்பாமல் இருக்க முடியாது. யன்னலால் எட்டி எட்டித் துப்பிக்கொண்டு வந்தால், பல்லிருந்த குழியை மூடுகிற இரத்தக்கட்டி ஆடிப்போகும். அந்தக் கட்டிதான் எல்லாம். அது உடைந்தால் குழி காய்ந்து எலும்பு வெளியே தெரியும், பிறகு வருகிற நோவு பல் இருந்தபோது இருந்த நோவை மறக்கடிக்கும். பஸ்ஸில் வரத்தான் வேணும் என்றால் ஒரு துவாயைக் கையில் வைத்து, எச்சிலைத் தானாக வடியவிட்டுத் துடையுங்கள், துப்ப வேண்டாம். விறைப்பு முழுதாக விடுவதற்கு முன்பே முதல் குளிசையைப் போட்டுவிடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் தங்குவதற்கு வீடு வேணும். கொக்குவிலில் பெரியம்மா இருக்கிறா, கோண்டாவிலில் மாமி இருக்கிறா என்று சொல்வது சுலபம். வீங்கின முகத்தோடு இன்னொருவர் வீட்டில் கிடந்து, அவர்கள் நேரம் பார்த்துக் கரைத்துத் தருகிற கஞ்சியைக் குடிப்பது எல்லோருக்கும் ஒத்துவராது. வேண்டாத உபசாரமும் நடக்கும். நோயாளியைப் பார்க்க வருகிற சனம் பிஸ்கற் பெட்டியோடு வந்து கதைக்க வைக்கும். ஆனாலும் முதல் இரவு இரத்தம் நிற்காவிட்டால் கழட்டிய இடமே பக்கத்தில் இருக்கிறது என்ற நிம்மதி வேறு எங்கும் கிடைக்காது.

இவற்றுக்குள் எதை எடுப்பது என்பதற்கு நான் பார்க்கிற அளவுகோல் ஒன்று. கழட்டினதில் இருந்து மூன்றாம் நாள் தொடக்கம் ஐந்தாம் நாள் வரை நீங்கள் படுத்திருக்கப்போகிற கட்டிலில் இருந்து, திறந்திருக்கிற பல் கதிரை எவ்வளவு தூரம்? குழி காய்கிற சிக்கல் வருவதென்றால் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் வரும். கழட்டியவரிடமே திரும்பப் போக வேணும் என்று பலர் நினைக்கிறார்கள், அது தேவையில்லை. குழியைக் கழுவி மருந்து வைத்து அடைப்பதை எந்தப் பல் வைத்தியரும் செய்வார். எங்கள் ஊரில் ஒருவர் யாழ்ப்பாணத்தில் தனியாரிடம் கழட்டிவிட்டு வந்து, நாலாம் நாள் காதுவரை விண் விண் என்று குத்தத் தொடங்க, கழட்டியவரின் அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கிட்ட இருந்த ஆசுப்பத்திரியின் பல் பிரிவு அவ்வளவு நாளும் திறந்துதான் இருந்தது. ஆகவே யாழ்ப்பாணத்தில் கழட்டினாலும் எக்ஸ்றேயையும், என்ன செய்தோம், என்ன தையல் போட்டோம் என்று எழுதின துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள். அந்தத் துண்டு கையில் இருந்தால் அரைமணித்தியாலத் தூரத்தில் பல் பிரிவு உள்ளவர் அன்றைக்கே திரும்பலாம். விசுவமடு, புதுக்குடியிருப்பு போலப் பெரிய ரோட்டோரம் இருப்பவருக்குப் பிரச்சினை இல்லை. உள்ளே பஸ் ஒரு நாளைக்கு இரண்டு தரம் மட்டும் வருகிற ஊர்க்காரர் சொந்தக்காரர் வீட்டில் தங்குவதே மேல்.

எந்தக் கிழமை, எந்தக் காலம்

இதையே வைத்து நாளையும் தெரிவு செய்யலாம். பல் பிரிவுகள் சனி, ஞாயிறு, போயா நாட்களில் பெரும்பாலும் பூட்டு. செவ்வாய் புதனில் கழட்டினால் சிக்கல் வரக்கூடிய நாட்கள் சனி ஞாயிறில் போய் விழும். வெள்ளிக்கிழமை கழட்டினால் வீக்கம் ஞாயிறோடு உச்சத்துக்குப் போகும், மூன்றாம் நாள் திங்கள், ஐந்தாம் நாள் புதன். எல்லாம் திறந்திருக்கும், பள்ளிக்கூடமும் அதிகம் கெடாது. முதல் இரவு இரத்தப்போக்குக்குப் பல் பிரிவு தேவையில்லை, அவசர சிகிச்சைப் பிரிவு எந்த நாளும் திறந்திருக்கும். கழட்டுகிற இடத்தில் வெள்ளிக்கிழமைத் திகதி கேட்டால் சிரிப்பார்கள். கேட்டுப் பாருங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, காலபோக அறுவடை நடக்கிற மாசி, பங்குனியில் வயற்காரர் கழட்டக்கூடாது. பாரம் தூக்கக் குனிந்தால் இரத்தம் மேலுக்கு ஏறும், தூசு வேறு. மாரியிலும் யோசிக்க வேணும். நுளம்பு பெருகி வடக்கில் டெங்கு பரவுகிற காலம் அது. பல் கழட்டினவருக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் எல்லோரும் பல்லைத்தான் குற்றம் சொல்வார்கள். பல்லாகவும் இருக்கலாம், டெங்காகவும் இருக்கலாம். காய்ச்சல் தொடங்கினால் ஐபுபுரோபனை நிறுத்தி, இரத்தம் சோதித்துப் பார்க்கும்வரை பனடோல் மட்டும் போடுங்கள். டெங்கில் ஐபுபுரோபன், டைக்குளோபெனாக், அஸ்பிரின் மூன்றும் இரத்தப்போக்கைக் கூட்டும்.

விறைப்பு ஊசியா, மயக்கமா என்று கேட்டால் விறைப்பு ஊசி. முழு மயக்கம் என்றால் வெறுவயிறு, வாட்டில் கட்டில், கூட ஒரு ஆள், மற்ற நாள்வரை மோட்டார் சைக்கிள் ஓடக்கூடாது என்று இழுபடும். நாலு பல்லையும் ஒன்றாக எடுப்பதற்கும், பயத்தில் கதிரையில் இருக்கவே முடியாதவருக்கும் அது சரி. மற்றவருக்கு ஒரு பக்கத்து மேல் பல்லையும் கீழ்ப் பல்லையும் ஒரு தரத்தில் எடுப்பது நல்லது. மேல் பல் பெரும்பாலும் சுலபமாக வந்துவிடும், மற்றப் பக்கத்தால் சாப்பிடலாம். தூரத்தில் இருந்து வருகிறபடியால் இரண்டு பக்கத்தையும் ஒரேயடியாக முடித்துவிடுவோம் என்ற ஆசை வரும். பஸ் காசு மிஞ்சும், ஆனால் ஒரு கிழமைக்கு எந்தப் பக்கத்தாலும் மெல்ல முடியாது. வெளிநாட்டுக்குப் போக நாள் குறித்திருப்பவருக்கு மட்டும் அந்த ஆசையை விட்டுக்கொடுப்பேன்.

குளிசை, ஐஸ், உப்புத்தண்ணி

பனடோல் தனியாகவா, ஐபுபுரோபன் தனியாகவா, இரண்டும் சேர்த்தா? ஞானப்பல் சத்திரசிகிச்சையின் நோவுக்கு இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகப் போடுவதைவிட நன்றாகக் கேட்கும் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் வந்த கொக்ரேன் மீளாய்வு காட்டியது. பெரியவர் ஒருவர் 500 மில்லிகிராம் பனடோலில் ஒரு தரத்துக்கு இரண்டு, ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. ஐபுபுரோபன் 400 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு, நாளுக்கு மூன்று தரம். வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம் உள்ளவர், நோக்குளிசை போட்டு முன்னம் தொய்வு (ஆஸ்மா) கூடினவர் ஐபுபுரோபனைத் தொடக்கூடாது. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய் இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. சந்தேகம் இருந்தால் முதலே சொல்லி இரத்தம் சோதியுங்கள். இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிற பெரியவர்கள் தாங்களாக அதை நிறுத்தவும் கூடாது, மறைக்கவும் கூடாது.

அன்ரிபயோட்டிக் எல்லோருக்கும் தேவையில்லை. தந்தால் தந்த நாட்களுக்கு முழுதாகப் போட்டு முடியுங்கள். மெற்றோனிடசோல் தந்திருந்தால் கள்ளும் சாராயமும் அந்தக் கிழமைக்கு இல்லை, பிரட்டிக்கொண்டு வாந்தி வரும். கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சிதானே என்று வாதாடுகிற சித்தப்பாமார் எல்லா வீட்டிலும் இருப்பார்கள். வெற்றிலை, பீடி, சிகரெட்டுக்கும் குறைந்தது மூன்று நாள் தடை, ஒரு கிழமை என்றால் இன்னும் நல்லது. புகை குழிக்கு இரத்தம் வருவதைக் குறைக்கும், உறிஞ்சுகிற இழுவை கட்டியைக் கிளப்பும்.

முதல் நாள் வேலை பஞ்சைக் கடிப்பது. மடித்த பஞ்சை குழிக்கு நேரே வைத்து அரைமணித்தியாலம், விடாமல், எடுத்து எடுத்துப் பார்க்காமல். எடுத்தபின் எச்சில் இளஞ்சிவப்பாக வருவது அடுத்த நாள்வரை சாதாரணம். நிற்காமல் வாய் நிரம்பினால் சுத்தமான துணியை ஈரமாக்கி மடித்துக் கடிக்கலாம். நனைத்துப் பிழிந்த தேயிலைப் பையும் உதவும். பிளேன்ரீயில் நாக்கைத் துவர்க்க வைக்கிற அதே பொருள் இரத்தம் உறையவும் துணை செய்யும்.

ஐஸ் முதல் இரண்டு நாளைக்கு. இருபது நிமிடம் வைத்து, இருபது நிமிடம் எடுத்து, சொக்கைக்கு வெளியே துணியில் சுற்றி. பிரிஜ் இல்லாத வீட்டில் கடையில் விற்கிற ஐஸ்பைக்கற்றை ரெஜிபோம் பெட்டிக்குள் மரத்தூள் போட்டு வைத்தால் ஒரு பொழுது தாங்கும். மீன்பெட்டி ஐஸும் வெளியே வைக்க ஆகும், வாய்க்குள் போட ஆகாது. மூன்றாம் நாளில் இருந்து ஐஸால் பிரயோசனம் குறைவு. அதற்குப் பிறகு வெதுவெதுப்பான ஈரத்துணி ஒத்தடம், வாய் திறக்க முடியாமல் தாடை இறுகியிருப்பதற்கும் அதுதான் மருந்து. முதல் நாளே சுடுஒத்தடம் கொடுத்து வீங்க வைத்துவிட்டு, பல்லுக்காரனைப் பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தலையணையை இரண்டாக அடுக்கிப் படுப்பது ஐஸ் கிடைக்காதவருக்கும் கைகொடுக்கும்.

கொப்பளிப்பதை முதல் 24 மணித்தியாலம் செய்யவே கூடாது. பிறகு உப்புத்தண்ணியா, கடையில் விற்கிற குளோர்ஹெக்சிடினா? குளோர்ஹெக்சிடின் குழி காய்ந்துபோகிற ஆபத்தைக் குறைக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஆனால் நாள்பட்டால் பல்லில் மண்ணிறக் கறை விடும், தேத்தண்ணிக்காரருக்கு இன்னும் கூட, நாக்குக்கு ருசியும் மாறும். சிகரெட் பிடிக்கிறவர், முன்னம் ஒரு தரம் இந்தச் சிக்கல் வந்தவர், கஷ்டப்பட்டு எலும்பு வெட்டி எடுத்த பல் என்றால் அதை வாங்குங்கள். மற்றவருக்கு ஒரு கிளாஸ் கொதித்தாறின தண்ணியில் அரைத் தேக்கரண்டி உப்பு போதும். எங்கள் கிணற்றுத் தண்ணி பல இடத்தில் ஏற்கனவே உவர், அதை நேரே அள்ளிக் கொப்பளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம், கொதிக்க வைக்க வேணும். கொப்பளிப்பது என்றால் தலையை அப்படியும் இப்படியும் சரித்துத் தண்ணியை உருளவிட்டு, வாயைத் திறந்து விழவிடுவது. கர்ர் என்று அடித்துத் துப்புவதில்லை. கராம்பெண்ணெயைக் குழிக்குள் ஊற்றாதீர்கள், புண்ணில் எரியும். வைத்தியர் வைத்து அடைக்கிற மருந்தில் அந்தச் சரக்கு இருக்கலாம், அவர் வைக்கிற அளவும் விதமும் வேறு.

கஞ்சியும் புட்டும்

சாப்பாட்டு விஷயத்தில் வன்னி வீடு யாழ்ப்பாணச் சொந்தக்காரர் வீட்டை வென்றுவிடும். எருமைத் தயிர் ஒன்றே போதும். குளிர்ச்சி, மெல்லத் தேவையில்லை, புரதமும் இருக்கிறது. பனங்கட்டியைக் கரைத்து விட்டால் பசியும் அடங்கும். முதல் நாள் தயிர், ஆறின சவ்வரிசிக் கஞ்சி, நெஸ்டமோல்ட், ஐஸ்கிரீம். இளநீர் நல்லது, ஆனால் குழல் போட்டு உறிஞ்சக்கூடாது, பேணியில் ஊற்றிக் குடியுங்கள். இரண்டாம் மூன்றாம் நாளில் குரக்கன் கஞ்சி, உழுத்தங்கஞ்சி, மசித்த மரவள்ளி, பழுத்த பப்பாசி, அவித்த முட்டையைப் பாலில் கரைத்தது. பிறகு சொதியில் நன்றாக ஊறவைத்த இடியப்பம். எதுவானாலும் கைபொறுக்கிற சூட்டுக்கு ஆறியிருக்க வேணும். விறைப்பு விடும்வரை சுடுதேத்தண்ணி வேண்டாம், சொண்டு வெந்தாலும் தெரியாது.

வீட்டில் சண்டை வருவது புட்டில். அக்காவின் மகன் கழட்டிவிட்டுக் கிடந்தபோது அம்மம்மா தட்டோடு வந்து நின்றா.

"வெறுங்கஞ்சியோட எப்பிடியடா கிடப்பாய், ரெண்டு வாய் புட்டுத் தின் அப்பு, மெதுவாத்தானே அவிச்சிருக்கிறன்."

"அது குழிக்குள்ள போயிடும் அம்மம்மா."

"போனா என்ன, உமிஞ்செடு."

அந்த உமிஞ்செடுப்புத்தான் வினை. புட்டு எவ்வளவு மெதுவாக அவித்தாலும் மணிமணியாகக் குழிக்குள் இறங்கும், நாக்காலும் ஈர்க்காலும் தோண்டுவதும் உறிஞ்சுவதும் கட்டியைப் பெயர்க்கும். சோறும் அப்படித்தான், குழைத்துத்தான் தர வேணும். ஒடியல் கூழ் ஒரு கிழமைக்கு வேண்டாம். கூழ் என்ற பெயரை நம்பி மிளகாயும் புளியும் நண்டுக்காலும் மீன்முள்ளும் சேர்ந்த சட்டிக்குள் வாயைக் கொடுக்க முடியாது. வீடு திரும்புகிற வழியில் முறிகண்டியில் பஸ் நிற்கும், பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்துங்கள், கச்சானை மற்றவர்களுக்கு வாங்கிக் கொடுங்கள். கழட்டினவருக்கு மூன்று நாலு கிழமைக்குக் கச்சானும் முறுக்கும் எள்ளுருண்டையும் இல்லை.

கிரந்தி என்று சொல்லி முட்டையையும் மீனையும் நிறுத்துகிற வீடுகள் உண்டு. காயம் ஆறப் புரதம் வேணும். முள்ளெடுத்த மீனை மசித்துச் சொதியோடு கொடுங்கள். இறால், நண்டு ஒத்துவராதவர் அவற்றை மட்டும் விடட்டும்.

எப்போது ஓட வேணும்

வீக்கம் இரண்டாம் மூன்றாம் நாளில் கூடுவது சாதாரணம், அதன் பிறகு இறங்க வேணும். நோவு ஒவ்வொரு நாளும் குறைந்து வந்து, மூன்றாம் நாள் தொடக்கம் ஐந்தாம் நாளுக்குள் திடீரென்று திரும்பி, காதுக்கும் நெற்றிப்பொட்டுக்கும் இழுத்து, வாய் நாற்றமும் கெட்ட ருசியும் வந்தால் குழி காய்ந்துவிட்டது. சீழ் அல்ல அது, மிச்சமிருந்த அன்ரிபயோட்டிக்கைத் தேடி எடுத்துப் போட்டுப் பயனில்லை. கழுவி மருந்து வைத்த கொஞ்ச நேரத்திலேயே ஆள் நித்திரையாகிவிடும். சரிந்த கீழ்ப் பல் கழட்டினவருக்கு இது அரிதான சங்கதி இல்லை.

விழுங்க முடியாமை, மூச்சு எடுக்கக் கஷ்டம், வீக்கம் கழுத்துக்கு இறங்குவது, கடித்துப் பிடித்தும் நிற்காத இரத்தம் என்றால் விடியட்டும் என்று பார்க்கக்கூடாது. 1990க்கு அடியுங்கள், அம்புலன்சுக்குக் காசு இல்லை. கீழ்ச் சொண்டோ நாக்கோ மற்ற நாளும் விறைத்தபடியே இருந்தால் அது உயிராபத்தில்லை, பெரும்பாலும் கிழமைகளில், சிலருக்கு மாதங்களில் திரும்பிவிடும். ஆனால் கழட்டியவருக்குக் கட்டாயம் தெரிவிக்க வேணும்.

மேசை வேலைக்காரர் இரண்டு மூன்று நாளில் போகலாம். மூட்டை தூக்குகிறவர், மண்வெட்டி பிடிக்கிறவர், வொலிபோல் ஆடுகிறவர் ஒரு கிழமை பொறுக்க வேணும். உழவு இயந்திரம் ஓடுகிறவருக்கு வாய் திறக்கிற அளவு முக்கியமில்லை, நித்திரைக் கலக்கம் தருகிற நோக்குளிசை போட்டிருக்கிறாரா என்பதுதான் முக்கியம். தையல் கரைகிற நூல் என்றால் ஒன்று இரண்டு கிழமையில் தானாக விழும். கரையாத நூல் என்றால் ஒரு கிழமையளவில் வெட்ட வேணும். அதையும் கிட்ட உள்ள பல் பிரிவிலேயே செய்யலாம், நூல் எது என்பது அந்தத் துண்டில் எழுதியிருக்கிறதா என்று பஸ் ஏற முன் பார்த்துக்கொள்ளுங்கள்.